கடன்பட்டு மடிக்கணினி வாங்கவா, வகுப்புக்கு அனுப்பவா?

கேள்வி: முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறோம். மகள் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கத் தெரிவாகியிருக்கிறாள். தொடங்க இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. வீட்டில் கணினி இல்லை. கைத்தொலைபேசியில் எல்லாம் செய்வாள். கடன்பட்டு மடிக்கணினி வாங்கிக் கொடுக்கவா, சான்றிதழ் வகுப்பில் சேர்க்கவா? – ஒரு தந்தை, ஒட்டுசுட்டான்

பதில்: ஐயா, முதலில் மகளுக்கு என் வாழ்த்து. இரண்டுக்கும் இன்றே பணம் கட்ட வேண்டாம். மகளுக்கு இப்போது தேவை, நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஒரு கணினியின் முன் தனியே இருப்பது. படித்த பாடசாலையின் கணினி அறையிலோ வலயத்தின் கணினி வள நிலையத்திலோ இடம் கேட்டுப் பாருங்கள். உறவினர் வீட்டில் பழைய கணினி கிடந்தாலும் போதும்.

கைத்தொலைபேசியில் கெட்டிக்காரியாக இருப்பது நல்லதுதான். ஆனால் கைத்தொலைபேசி, கோப்பு எங்கே இருக்கிறது என்பதை நம்மிடமிருந்து மறைத்துவிடுகிறது. வட்ஸ்அப்பில் வந்ததை வட்ஸ்அப்பிலேயே திறந்து பார்த்துப் பழகிய பிள்ளை, பல்கலைக்கழகக் கணினியில் ஒப்படையைத் தட்டச்சு செய்துவிட்டு, மறுநாள் அது எங்கே என்று தேடுவாள். ஆகவே முதல் வாரம் இதை மட்டும் செய்யட்டும்: பாடத்தின் பெயரில் ஒரு கோப்புறை, அதற்குள் பெயரிட்டுச் சேமித்த ஒரு கோப்பு. கணினியை நிறுத்திவிட்டு மீண்டும் இயக்கி அதைத் தேடி எடுக்க வேண்டும். பென்டிரைவில் ஒரு பிரதி, தன் மின்னஞ்சலுக்கு ஒரு பிரதி. எவரையும் கேட்காமல் இவ்வளவும் வரும்வரை அடுத்ததற்குப் போக வேண்டாம்.

அடுத்தது தட்டச்சு. படிப்பு ஆங்கிலத்தில்தானே, தமிழ்த் தட்டச்சு எதற்கு என்று நினைக்காதீர்கள். இறுதி ஆண்டில் ஆய்வு வரும்போது வினாக்கொத்தை நம் ஊர்ச் சனத்திடம்தானே கொடுக்க வேண்டும்? வவுனியாவில் நான் கணினி கற்பிக்கும் இடத்துக்கு ஒரு மாணவி பென்டிரைவோடு வந்தாள். நாற்பது கேள்விகளைக் கடையொன்றில் காசு கொடுத்துத் தட்டச்சு செய்வித்திருந்தாள். இணையத்தில் பதில் திரட்டும் கூகுள் படிவத்தில் ஒட்டியதும் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். பிள்ளையின் முகம் கறுத்துப்போயிற்று. கடையில் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். பாமினியில் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் தமிழ் இல்லை. யூனிகோட்டிலோ ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறிக்கும் சொந்த எண் உண்டு. எங்கே திறந்தாலும் தமிழ்தான். அன்று மாலை முழுவதும் அவள் இருந்து, நாற்பது கேள்விகளையும் யூனிகோட்டில் தானே திரும்ப அடித்தாள். மகளுக்கு அந்த நிலை வரக்கூடாது. யூனிகோட் தட்டச்சையே முதலிலிருந்து பழகட்டும். ஆங்கிலத் தட்டச்சையும் விசைப்பலகையைப் பார்க்காமல் பத்து விரலாலும் பழகட்டும்.

முகாமைத்துவ மாணவிக்கு உயிர்நாடி, கட்டங்களில் கணக்குப் போடும் எக்செல் மென்பொருள். அதைப் பழக உங்கள் வீட்டிலேயே நல்ல பாடம் இருக்கிறது: காலபோகக் கணக்குக் கொப்பி. உழவு, விதைநெல், பசளை, களைநாசினி, அறுவடை இயந்திரக் கூலி என்று ஒவ்வொரு வயலுக்கும் அவளே பதியட்டும். தொகையை மனதால் கூட்டி எழுதக் கூடாது. சமக்குறி போட்டுச் சூத்திரம் எழுத வேண்டும். பிறகு நெல்லின் கிலோ விலையை ஒரே ஒரு கட்டத்தில் வைத்து, எல்லா வயலின் விளைச்சலையும் அந்தக் கட்டத்தோடு பெருக்கி வருமானத்தை எடுக்கச் சொல்லுங்கள். இங்கேதான் எல்லோரும் ஒருமுறை இடறுவார்கள். சூத்திரத்தில் டொலர் குறியிட்டு அந்தக் கட்டத்தைப் பூட்டாமல் கீழே இழுத்தால், அது விலைக்குக் கீழுள்ள வெறுங்கட்டங்களைப் பிடித்துப் பூச்சியம் காட்டும். பூட்டிவிட்டால், விலை ஐந்து ரூபா இறங்கும்போது ஒரே இடத்தில் மாற்றினால் போதும். இந்தப் போகம் கையில் என்ன மிஞ்சும் என்று நீங்களும் உடனே பார்க்கலாம். எக்செல் இல்லாத கணினியென்றால் இலவசமான லிப்ரே ஒபிஸ் போதும். சூத்திரங்கள் பெரும்பாலும் ஒன்றே.

வேர்ட்டில் தலைப்புகளுக்கு அதற்கென உள்ள தலைப்புப் பாணியைப் பயன்படுத்தட்டும், பொருளடக்கம் தானாக வரும். மின்னஞ்சலில் விடயத்தையும் பதிவிலக்கத்தையும் எழுதாமல் வெறும் இணைப்பை அனுப்பக் கூடாது.

வகுப்பில் சேர்ப்பதாக இருந்தால், ஆளுக்கொரு கணினி உண்டா என்று மட்டும் கேளுங்கள். ஒன்றுக்கு மூவர் இருக்கும் வகுப்பில் சுட்டியைப் பிடிப்பவர் ஒருவரே. நான் கண்டவரை, பெண்பிள்ளைகள் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே பாடத்தை முடித்துவிடுகிறார்கள். சான்றிதழில் இது தெரிவதில்லை.

மடிக்கணினியைப் படிப்புத் தொடங்கிய பிறகு, என்ன தேவை என்று அவளுக்கே தெரிந்த பின் வாங்கலாம். பாவித்ததை வாங்குவதாக இருந்தால் கவனம்: கணினியை இயக்கும் விண்டோஸ் 10 மென்பொருளுக்கான பொதுவான ஆதரவு, அதாவது பாதுகாப்புப் புதுப்பிப்புகள், 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 முறையாக ஓட, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலி (புரொசெசர்) வேண்டும். எட்டு ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டி எனும் வேகமான சேமிப்பு வட்டும் இருக்கட்டும். கடையில் வைத்தே மின்வயரைக் கழற்றிவிட்டு, அரை மணித்தியாலம் பற்றரியில் ஓடுகிறதா என்று மகளைக் கொண்டே பார்த்து வாங்குங்கள்.