சீட்டுக்கு அடியில் உள்ள மஞ்சள் கனெக்டரைப் பாருங்கள்

காரில் சீட் கவர் மாற்றிய மறுநாளிலிருந்து டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையவில்லை, ஹாரன் மட்டும் ஒழுங்காக அடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஹாரன் நல்ல துப்பு. ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் கிளாக் ஸ்பிரிங் (ஹாரனுக்கும் ஸ்டீயரிங் ஏர்பேக்குக்கும் மின்சாரம் கொண்டுபோகும் சுருள் வயர்) அறுந்திருந்தால் பெரும்பாலும் ஹாரனும் சேர்ந்து படுத்துவிடும். ஆகவே என் சந்தேகம் சீட்டுக்கு அடியில்தான். கவர் மாட்டியவரின் கை பட்டு, அங்கே ஏர்பேக் வயரை இணைக்கும் மஞ்சள் கனெக்டர் தளர்ந்திருக்கலாம்.

சாவியை ஆஃப் செய்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, 10 நிமிடமாவது காத்திருங்கள். ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட்டில் கொஞ்சம் மின்சாரம் தேங்கி நிற்கும். அப்புறம் கனெக்டரை க்ளிக் என்று விழும்வரை அழுத்துங்கள். அந்த வயரில் மல்ட்டிமீட்டரை மட்டும் வைத்துவிடாதீர்கள், அந்தச் சின்ன மின்னோட்டத்துக்கே பை வெடிக்கலாம்.

பிறகும் விளக்கு எரிந்தால் பதிவான பிழையை ஸ்கேனரில்தான் அழிக்க வேண்டியிருக்கும். விலை குறைந்த ஓபிடி கருவிகள் (காரில் செருகிப் பிழையைப் படிப்பவை) பல எஞ்சின் கோளாறை மட்டுமே படிக்கும் (ஒன்று வாங்கி ஏமாந்தவன் சொல்கிறேன்). ஏர்பேக் படிக்கும் ஸ்கேனர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பட்டறைக்குப் போங்கள்.

அதுவரை, மோதினால் பை விரியாது என்றே வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். உங்கள் சீட்டின் ஓரத்திலேயே ஏர்பேக் இருந்தால், புதுக் கவர் அதை மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள்.