சுகாதார ஏற்றத்தாழ்வு என்றால் என்ன? இலவச வைத்தியசாலை இருந்தும் அது ஏன் நீடிக்கிறது?

ஒரே நகரத்தில் வாழ்பவர்களிடையே தொழில், வருமானம், கல்வி, இருப்பிடம் ஆகியவற்றுக்கு ஏற்ப நோயும் ஆயுளும் சீராக வேறுபடுவதையே சுகாதார ஏற்றத்தாழ்வு என்கிறோம்.

காரணம் வைத்தியசாலைக்கு வெளியிலேயே தொடங்கிவிடுகிறது. புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்கூலித் தொழிலாளிக்குக் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தான். ஆனால், கிளினிக்கில் காத்திருக்கும் நேரம் அவருடைய கூலியிலேயே கழிவதால் நீரிழிவுப் பரிசோதனையை அவர் தள்ளிப்போட, மாதச் சம்பளக்காரரோ விடுமுறை எடுத்துக்கொண்டு போய்வருகிறார். மழை எல்லோருக்கும் பொதுவாகத்தான் பெய்கிறது. வெள்ளம் தேங்குவது எளியவர்கள் வாழும் கொலன்னாவையின் தாழ்நிலங்களில்தான், வசதி படைத்தோர் வாழும் கறுவாத்தோட்டத்தில் அல்ல.

இருப்பினும், இதை ஏழை, பணக்காரர் என்ற இரண்டே தட்டுகளாகப் பார்ப்பது போதாது. 1967இல் லண்டனில் தொடங்கிய வைட்ஹோல் ஆய்வு, சுமார் 18,000 ஆண் அரச ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தது. அனைவரும் வேலையில் இருந்தவர்கள். இலவச மருத்துவமும் அவர்களுக்கு இருந்தது. அப்படியிருந்தும், பதவி படிப்படியாக இறங்க இறங்க இதயநோய் மரணங்கள் கூடின. 1985இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு, தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் சுதந்திரம் குறைவாக இருப்பதும் இதய நோயுடன் தொடர்புடையது என்று காட்டியது. (மேலதிகாரிக்குத்தான் மன அழுத்தம் அதிகம் என்று நம்பியவர்களுக்கு இது வியப்பாக இருந்திருக்கும்.)

“எல்லாம் புகைத்தல் போன்ற தீய பழக்கங்களால் வருவதுதானே” என்று பலர் கருதுகிறார்கள். ஆனால், முதல் ஆய்வில் புகைத்தல், இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பின்னரும் அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி அப்படியே எஞ்சியிருந்தது.