மாத்திரை நேரமும் சாப்பாட்டு நேரமும்

கேள்வி: அப்பாவுக்கு ஐந்து வருடமாகப் பார்க்கின்சன் எனும் நடுக்குவாத நோய். லெவோடோபா–கார்பிடோபா மாத்திரை தினம் நான்கு வேளை. காலையில் நன்றாகக் கேட்கிறது, மதியம் பல நாள் கேட்பதே இல்லை. அளவைக் கூட்டலாமா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: அதற்கு முன் சாப்பாட்டு நேரத்தைப் பாருங்கள். லெவோடோபா ஓர் அமினோ அமிலம். பருப்பு, முட்டை, மீன் செரித்து வருபவையும் அமினோ அமிலங்களே. குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகவும், ரத்தத்திலிருந்து மூளைக்குப் போகவும் எல்லாவற்றுக்கும் ஒரே வாசல். முட்டையும் சாம்பார் சாதமும் சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டால் நெரிசலில் மருந்து பின்தங்கிவிடும்.

சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தோ ஒரு டம்ளர் தண்ணீரோடு கொடுங்கள். குமட்டினால் இரண்டு பிஸ்கட் போதும், பால் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்பு லெவோடோபாவைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு கூடவே கூடாது. லெவோடோபா மூளையில் டோபமின் என்ற ரசாயனமாக மாறித்தான் உடம்பை அசைய வைக்கிறது, அந்த மருந்து டோபமினையே தடுக்கும். புரதத்தை அடியோடு நிறுத்தினால் உடம்பு இளைத்துவிடும். பெரும்பங்கை இரவுக்குத் தள்ளலாம்.

மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: '12.30 மாத்திரை. 1.00 சாப்பாடு. 1.15 சட்டைப் பொத்தான் போட்டார். 3.45 பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டது.' அளவைக் கூட்டுவதா, வேளையைக் கூட்டுவதா என்று டாக்டர் முடிவெடுக்க இந்தக் குறிப்புதான் வேண்டும். நீங்களாக மாத்திரையைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

கேள்வி: மாத்திரைக்குப் பதில் பூனைக்காலி விதைப் பொடி கொடுக்கலாமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: அந்த விதையில் லெவோடோபா உண்மையிலேயே உண்டு. 1937-இல் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அதிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டினார்கள். நோய்க்கும் அதற்கும் உள்ள தொடர்பு பிறகுதான் தெரிந்தது. 1957-இல் ஸ்வீடனின் அர்வித் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். நம் சர்ப்பகந்தா வேரில் கிடைக்கும் மருந்து அது. முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. டோபா ஊசி போட்டதும் எழுந்து நடமாடின. 1960-இல் வியன்னாவில் ஹார்னிகீவிச், இறந்த நோயாளிகளின் மூளையில் டோபமின் குறைந்திருப்பதை அளந்து காட்டினார். கார்ல்சனுக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனாலும் பொடியை நீங்களாகத் தொடங்காதீர்கள். ஒரு பொடியில் இருக்கும் அளவு இன்னொன்றில் இருக்காது. கார்பிடோபா இல்லாததால் மருந்தின் பெரும்பகுதி மூளைக்குப் போகுமுன்பே டோபமினாக மாறிக் குமட்டும், ரத்த அழுத்தம் இறங்கும். மாத்திரையோடு சேர்த்தால் அளவு மிஞ்சி, கை கால் தானாக நெளிய ஆரம்பிக்கும்.

கேள்வி: அத்தைக்குப் பார்க்கின்சன் என்றார்கள். நோய் வந்த முதல் வருடமே அடிக்கடி பின்பக்கமாக விழுகிறார். மாத்திரையும் கேட்கவில்லை.
— வாசகி, கரூர்

பதில்: இது பி.எஸ்.பி. (Progressive Supranuclear Palsy) என்ற வேறு நோயாக இருக்கலாம். பார்க்கின்சன் போலவே தெரியும், ஆனால் சமநிலையையும் கண் அசைவையும் கெடுக்கும் மூளை நோய் அது. தலையை அசைக்காமல் உங்கள் விரலைக் கண்ணால் மேலும் கீழும் தொடரச் சொல்லுங்கள். பார்வை கீழே இறங்கத் திணறினால் அதை நரம்பியல் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். தட்டைக் கண்ணுக்கு நேராக உயர்த்தி வையுங்கள். படி இறங்கும்போது கட்டாயம் ஒருவர் கூட இருக்க வேண்டும்.