சமூகத்தின் பெயரில் டொமைன் பின்னொட்டு: போட்டி வந்தால் பணம்தான் ஜெயிக்குமா?

கேள்வி: டாட் காம் போல எங்கள் சமூகத்தின் பெயரிலேயே ஒரு டொமைன் பின்னொட்டுக்கு விண்ணப்பிக்க நினைக்கிறோம். ஒரு பெரிய நிறுவனமும் அதே சொல்லைக் கேட்டால் எங்களுக்குக் கிடைக்குமா?

பதில்: ஒரே சொல்லுக்குப் பலர் போட்டியிட்டு யாரும் விலகாவிட்டால், கடைசியில் ஏலம்தான். 2016-இல் டாட் வெப் (.web) பின்னொட்டு 13.5 கோடி டாலருக்குப் போனது. அந்த மேடையில் ஒரு சங்கத்தால் நிற்க முடியாது. இது நியாயமில்லை என்றே நானும் நினைக்கிறேன்.

ஏலத்தைத் தவிர்க்க உங்களுக்கு இருக்கும் முக்கியமான வழி, சமூக விண்ணப்பமாகப் பதிவு செய்து சமூக முன்னுரிமை மதிப்பீட்டில் தேறுவது; தேறினால் மற்றப் போட்டியாளர்களைவிட உங்களுக்கே முன்னுரிமை. விண்ணப்பிக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும், போட்டி வந்தபிறகு மாற்ற முடியாது. பின்னொட்டுகளை வழங்கும் ஐகான் (ICANN) அமைப்பு 2012-இல் நடத்திய விண்ணப்பச் சுற்றில் 16-க்கு 14 மதிப்பெண் வேண்டியிருந்தது. தேறியவர்கள் மிகச் சிலரே.

தன்பாலீர்ப்பாளர் சமூகத்துக்காகக் கேட்ட டாட் கே (.gay) விண்ணப்பத்துக்கு நடந்ததைப் பாருங்கள். பல நாட்டு அமைப்புகளின் ஆதரவு இருந்தும் 10 மதிப்பெண்தான் கிடைத்தது. விண்ணப்பதாரர் திருநர்கள், ஆதரவாளர்கள் எனப் பலரையும் சமூகத்துக்குள் சேர்த்திருந்தார். அந்தச் சொல் இவர்கள் எல்லாரையும் குறிக்காது என்று சொல்லி, சொல்லுக்கும் சமூகத்துக்கும் உள்ள பொருத்தத்துக்கு 4-க்கு பூஜ்யம் போட்டுவிட்டார்கள். எல்லாரையும் அரவணைத்ததே பாதகமாகிவிட்டது. எனக்கு இன்னமும் ஆறாத விஷயம் இது. பின்னொட்டு கடைசியில் வேறொரு நிறுவனத்துக்குப் போனது.

அதனால் முதலில் உங்கள் சொல்லைச் சோதியுங்கள். வெளியாள் ஒருவர் அதைக் கேட்டதும் உங்கள் சமூகத்தை மட்டும் நினைப்பாரா? அதே சொல் ஊர்ப்பெயராகவோ பொதுச்சொல்லாகவோ இருந்தால் சிக்கல்தான். அப்புறம், சமூகத்தில் மதிப்புள்ள அமைப்புகளிடம் எழுத்தில் ஆதரவு வாங்குங்கள். முக்கியமான ஒரு பிரிவு எதிர்த்தாலும் மதிப்பெண் குறையும், ஆகவே உள்பூசல் இருந்தால் இப்போதே பேசித் தீர்த்துவிடுங்கள்.

சரி, செலவு? 2012-இல் விண்ணப்பக் கட்டணமே 1,85,000 டாலர். கட்டணச் சலுகை கேட்ட 3 பேரில் ஒருவருக்குத்தான் கிடைத்தது. 2026 சுற்றுக்குக் கட்டணம் 2,27,000 டாலர்; தகுதியுள்ள லாபநோக்கற்ற அமைப்புகளுக்கு 75 முதல் 85 சதவீதம் வரை தள்ளுபடி. ஆனால் சலுகைக்குத் தனியாக, முன்கூட்டியே, 2025-க்குள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பின்னொட்டு கிடைத்தபிறகு ஐகானுக்கு மட்டும் ஆண்டுக்கு 25,000 டாலருக்குக் குறையாமல் கட்ட வேண்டும், சர்வர் செலவு தனி. அந்தப் பணத்துக்கு வழி தெரிந்தபிறகு விண்ணப்பத்தில் கை வையுங்கள்.