லினக்ஸை அணைக்கும்போது 'ஸ்டாப் ஜாப்' என்று 90 விநாடி நிற்பது ஏன்?

அணைக்கச் சொன்னதும் கறுப்புத் திரையில் 'எ ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்' என்று ஒரு வரி வந்து, பக்கத்தில் விநாடிகள் ஓடிக்கொண்டிருக்கும். பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு புரோகிராம், அதாவது சர்வீஸ், நிறுத்தச் சொல்லியும் நிற்கவில்லை, சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி அதற்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம்.

பல நேரம் கோளாறு வரிசையில்தான். நெட்வொர்க் முதலில் போய்விடும். அதை நம்பியிருந்த சர்வீஸ், பதில் வராத சர்வரையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். அல்சூர் மார்க்கெட்டில் ராத்திரி கடை அடைக்கும்போது பையன் மெயின் சுவிட்சை முதலில் அணைத்தால், கல்லாவில் கணக்கு எழுதுபவர் இருட்டில் தவிப்பார் இல்லையா, அதே கதை.

பெங்களூரில் எங்கள் அலுவலக மெஷினில், நாங்களே எழுதிய பேக்கப் சர்வீஸ் தினமும் சாயங்காலம் இப்படி மாட்டிக்கொண்டது. சர்வீஸ் ஃபைலில், யூனிட் பகுதியில் 'ஆஃப்டர்=நெட்வொர்க்.டார்கெட்' என்ற வரி விட்டுப்போயிருந்தது. தொடங்கும்போது நெட்வொர்க்குக்குப் பிறகு தொடங்கு என்கிறது அந்த வரி. அணைக்கும்போது சிஸ்டம்டி அதே வரிசையைத் தலைகீழாக்கும்: சர்வீஸ் முதலில் நிற்கும், நெட்வொர்க் அப்புறம்தான் போகும். ஒரே வரி, இரண்டு வேலை! சேர்த்தபின், மாற்றிய ஃபைலை சிஸ்டம்டி மறுபடி படிக்க 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்' கட்டளையைக் கொடுக்க மறக்காதீர்கள்.

எந்த சர்வீஸ் என்று தெரியவில்லையா? மறுபடி ஆன் செய்து, போன முறை ஓடியபோது எழுதிய பதிவுகளைக் காட்டும் 'ஜர்னல்சிடிஎல் -பி -1' கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். பழைய பதிவுகள் டிஸ்க்கில் சேமிக்கப்பட்டிருந்தால், கடைசி வரிகளில் பெயர் இருக்கும்.

காத்திருக்கும் நேரத்தை 90 விநாடியிலிருந்து 10 ஆகக் குறைத்தால் பிழை சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்போது அந்த சர்வீஸ் பாதி வேலையில் சீக்கிரமாகக் கொல்லப்படுகிறது, அவ்வளவுதான்.