என் மணிநேரம் கணக்கில் வருமா? கவுன்சலர் லைசென்ஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டெக்சஸ், கலிபோர்னியா வாசகர்களுடையவை. பதிலுக்குப் போகும் முன் வழக்கமாகக் கேட்டுக்கொள்வதையே இப்போதும் கேட்கிறேன். எந்த மாநிலம், என்ன படிப்பு, எந்த ஆண்டு முடித்தீர்கள் என்ற மூன்றையும் எழுதுங்கள். இவை இல்லாத கடிதத்துக்கு உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் இருக்கிறேன். சைக்காலஜி படித்திருக்கிறேன். அமெரிக்க கவுன்சலர் லைசென்ஸ் எடுப்பது எப்படி? சீக்கிரம் பதில் தேவை.

அமெரிக்க லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனிச் சட்டம், லைசென்ஸ் கொடுக்கும் போர்டும் தனித்தனி. வர்ஜீனியா 1976-லேயே கவுன்சலர்களுக்குச் சட்டம் போட்டது. கடைசியாக வந்த கலிபோர்னியாவுக்கு அது 2009 வரை ஆனது. நீங்கள் மாநிலத்தின் பெயரையே எழுதவில்லை. படித்தது பி.ஏ.வா, எம்.ஏ.வா என்பதும் தெரியவில்லை. அவசரம் என்கிறீர்கள், சரி. அப்படியானால் இரண்டு வரி கூடுதலாக எழுதியிருக்கலாம்.

சென்னையில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்து ஒன்பது வருடம் ஆகிறது. இப்போது டெக்சஸில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறேன். எல்பிசி ஆக மறுபடியும் முழு மாஸ்டர்ஸ் படிக்க வேண்டுமா மேடம்?

எல்பிசி, அதாவது கவுன்சலர் லைசென்ஸ், எதற்கு அம்மா? உங்கள் படிப்புக்கு நேர்வழி எல்சிஎஸ்டபிள்யூ, அதாவது சோஷியல் வொர்க் படித்தவர்களுக்கான கிளினிக்கல் லைசென்ஸ். சோஷியல் வொர்க் படிப்புகளை அங்கீகரிக்கும் சிஎஸ்டபிள்யூஇ என்ற அமைப்பிடமே வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பிடும் பிரிவு இருக்கிறது. பாடத்திட்டம், களப்பணி மணிநேரம், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் கல்லூரியிலிருந்து முத்திரையோடு வரவழைக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது நேரில் போய் நின்று வாங்கி வருவதுதான் நடக்கிற காரியம். பட்டம் சமம் என்று வந்துவிட்டால் தேர்வு எழுதி எல்எம்எஸ்டபிள்யூ என்ற மாஸ்டர்ஸ் நிலை லைசென்ஸ். அதன்பின் சூப்பர்விஷனில் (லைசென்ஸ் உள்ள மூத்தவரின் மேற்பார்வையில்) 3,000 மணிநேரம், குறைந்தது இரண்டு வருடம், அதிகபட்சம் நான்கு வருடம். அதற்குப் பிறகு கிளினிக்கல் தேர்வு.

நம் ஊர் எம்.ஏ. சைக்காலஜியோடு வருகிறவர்கள்தான் எல்பிசி வழியில் திணறுகிறார்கள். டெக்சஸ் 60 கிரெடிட் கேட்கிறது, அதோடு 300 மணிநேர பிராக்டிகமும் (படிப்பின்போதே செய்யும் களப்பயிற்சி) வேண்டும். அதில் 100 மணிநேரமாவது ஆளை எதிரே உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். நம் எம்.ஏ.க்களில் பலவற்றில் ஆய்வுக்கூடமும் ஆய்வேடும் உண்டு, இந்த நூறு மணிநேரம் இருக்காது. இடைவெளியை நிரப்ப எத்தனை பாடம் தேவை என்று போர்டிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். கல்லூரி சேர்க்கை அலுவலகத்தில் போனில் சொன்னதை நம்பிக் கட்டணம் கட்டாதீர்கள்.

எச்-4-ல் (வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கான விசா) இருக்கிறேன், ஈஏடி (வேலை அனுமதி அட்டை) இன்னும் வரவில்லை. சம்பளம் இல்லாமல் இன்டர்ன் மாதிரி மணிநேரம் சேர்க்கலாமா?

சம்பளம் வாங்காவிட்டால் அது வேலையே இல்லை என்று நம் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. குடிவரவுச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. முதலில் குடிவரவு வக்கீல், அப்புறம் சூப்பர்வைசர். இன்னொன்று: லைசென்ஸ் விண்ணப்பத்தில் எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி எண்) கேட்கும்படி மாநிலங்களுக்குக் கூட்டாட்சிச் சட்டமே சொல்கிறது. ஈஏடி வராமல் எச்-4-க்கு எஸ்எஸ்என் கிடைக்காது. கலிபோர்னியா ஐடிஐஎன் என்ற வரி எண்ணையும் ஏற்கிறது. ஆனால் அந்த எண்ணால் வேலை செய்யும் அனுமதி வந்துவிடாது.

டெக்சஸில் மே மாதம் பட்டம் வாங்கினேன். அசோசியேட் லைசென்ஸ் விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. ஒரு கிளினிக்கில், “இப்போதே ஆரம்பியுங்கள், மணிநேரம் பின்னால் கணக்கில் வரும்” என்கிறார்கள். வருமா?

வராது. அசோசியேட் லைசென்ஸ் என்பது சூப்பர்விஷனில் வேலை செய்ய விடும் முதல்கட்ட லைசென்ஸ். அது உங்கள் பெயரில் வெளியாகிற தேதிக்கு முன் செய்த ஒரு மணிநேரம்கூட, எல்பிசி-க்கு வேண்டிய 3,000 மணிநேரத்தில் சேராது. கணக்கில் வராதது பாதிப் பிரச்சினைதான். மீதிப் பாதி, லைசென்ஸ் இல்லாமல் தொழில் செய்தீர்கள் என்று உங்கள் மேலேயே புகார் வரலாம்.

இதில் நான் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் என்னிடம் சூப்பர்விஷனுக்கு வந்தாள். கையில் ஸ்பைரல் நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் கோடு போட்டு, தேதி, வந்தவரின் முதலெழுத்து, எத்தனை நிமிடம், தனியாகவா குழுவாகவா என்று நீல மையில் அத்தனை அழகாக எழுதியிருந்தாள். ஆகஸ்டில் தொடங்கிய நோட்டு. லைசென்ஸ் கைக்கு வந்தது ஜனவரியில். நடுவில் ஏறக்குறைய 400 மணிநேரம். கிளினிக்கில் “இன்டர்ன்” என்று பெயர்ப்பலகை கொடுத்து, “எல்லாம் சேரும்” என்றிருக்கிறார்கள். எழுத்தில் ஒரு வரி கிடையாது. நான் ஜனவரி பக்கத்தைத் திருப்பி, இங்கிருந்துதான் உன் கணக்கு என்றபோது, அவள் அதற்கு முந்தைய பக்கங்களை விரலால் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போய்ச் செய்த வேலை அது.

அந்த நோட்டைப் பார்த்த நாளிலிருந்து என்னிடம் வரும் எல்லாரிடமும் இதைத்தான் சொல்கிறேன். முதலில் லைசென்ஸ், அடுத்தது ஒப்பந்தம், அதற்குப் பின் முதல் ஆள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். சூப்பர்வைசரை போர்டின் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள்: அவர் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, சூப்பர்வைசர் தகுதி இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா. அவர் மேல் சந்தேகப்பட்டுச் செய்வதில்லை இது. டாக்டர் எழுதிய மருந்தின் காலாவதித் தேதியை நாம் பார்ப்பதில்லையா? மணிநேரக் கணக்கில் வாராவாரம் கையெழுத்து வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்கலாம் என்று விட்டால், அதற்குள் அவர் வேறு ஊருக்குப் போய்விடுவார், இல்லையென்றால் கட்டணத் தகராறு வந்து நிற்கும். கையெழுத்தில்லாத கணக்கை வைத்துக்கொண்டு போர்டிடம் வாதாட முடியாது.

டெக்சஸில் 3,000-இல் பாதி, அதாவது 1,500, நேரடி கவுன்சலிங்காக இருக்க வேண்டும். மாதம் 4 மணிநேரமாவது சூப்பர்விஷன். எவ்வளவு வேகமாக ஓடினாலும் 18 மாதத்துக்குள் முடியாது. கலிபோர்னியாவிலும் 3,000தான். திருமண, குடும்பத் தெரபிஸ்ட் லைசென்ஸான எல்எம்எஃப்டி-க்கு நேரடியாக 1,750. குறைந்தது 104 வாரச் சூப்பர்விஷன். அங்கே 90 நாள் விதி என்று ஒன்று உண்டு. பட்டம் கிடைத்த 90 நாளுக்குள் அசோசியேட் பதிவுக்கு விண்ணப்பித்தால், பதிவெண் வருவதற்கு முன் செய்த மணிநேரமும் சேரலாம், கைரேகை முன்கூட்டியே கொடுத்திருந்தால். கலிபோர்னியா தோழி சொன்னாள் என்று டெக்சஸில் இதைச் செய்து மாட்டிக்கொள்கிறவர்களை வருடத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். கலிபோர்னியாவில் ஆறு வருடத்துக்கு முந்தைய மணிநேரம் காலாவதியாகிவிடும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தை பிறந்தது, ஊருக்குப் போனோம் என்று இடையில் விட்டவர்களைத்தான் இது அதிகம் கடிக்கிறது.

கிளினிக்கிடம் ஒரே ஒரு மெயில் கேளுங்கள்: “எந்தத் தேதியிலிருந்து, யார் சூப்பர்விஷனில், எந்த விதியின்படி?” பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

டெக்சஸில் எல்பிசி. ஒரு வருடமாக என்னிடம் வரும் மாணவி கலிபோர்னியாவில் கல்லூரி சேர்ந்துவிட்டாள். வீடியோவில் தொடரலாமா?

உங்கள் நாற்காலி எங்கே இருக்கிறது என்பது கணக்கில்லை. அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்பதுதான் கணக்கு. கலிபோர்னியா 2024 முதல் ஒரு சின்ன வழி விட்டிருக்கிறது: ஏற்கெனவே உங்களிடம் வருகிறவர் அங்கே தற்காலிகமாக இருந்தால், போர்டுக்கு முன்னதாகத் தெரிவித்துவிட்டு ஆண்டுக்குத் தொடர்ச்சியாக 30 நாள் பார்க்கலாம். நான்கு வருடப் படிப்புக்கு அது போதாது. அந்த 30 நாளை அங்கே நல்ல தெரபிஸ்ட் ஒருவரிடம் அவளை ஒப்படைக்கப் பயன்படுத்துங்கள். ஃபுளோரிடா போல வெளிமாநிலத்தாருக்கு டெலிஹெல்த் பதிவு தரும் மாநிலங்களும் உண்டு. ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் “இப்போது எந்த ஊரில் இருக்கிறாய்?” என்று கேட்டுக் குறிப்பில் எழுதுங்கள்.

கோயம்புத்தூரில் கவுன்சலராக இருக்கிறேன். அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் நிறையப் பேர் வீடியோவில் கேட்கிறார்கள். நான் இந்தியாவில்தானே இருக்கிறேன்?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள் சார். தமிழில் மனம்விட்டுப் பேச ஆள் இல்லாத தவிப்பு இங்கே நிஜம். அவர்கள் ஏன் உங்களைத் தேடுகிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நள்ளிரவில் டாலஸில் ஒரு பெண் தற்கொலை எண்ணத்தோடு உங்களை அழைத்தால், அங்கே எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்தக் காவல் நிலையத்துக்குச் சொல்வீர்கள்? 988 என்ற உதவி எண் இந்த நாட்டில் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்குமா? “லைஃப் கோச்” என்று பெயர் மாற்றிக்கொண்டால் போதும் என்கிறார்கள் சிலர். பெயரை மாற்றினாலும் செய்வது தெரபி என்றால் போர்டு அதைத் தெரபியாகத்தான் பார்க்கும்.

கணவருக்குக் குடிப்பழக்கம். எல்பிசி-யிடம் போவதா, எல்சிடிசி-யிடம் போவதா? ஆபீசுக்குத் தெரிந்துவிடுமா?

குடிதான் முதல் பிரச்சினை என்றால் டெக்சஸில் எல்சிடிசி என்ற போதைப்பழக்க கவுன்சலர் அதற்கென்றே பயின்றவர்: 270 மணிநேரப் பாடம், 4,000 மணிநேரச் சூப்பர்விஷன் வேலை. ஆனால் அவர் எல்லை அந்தப் பழக்கமும் அதைச் சுற்றிய குடும்ப விஷயமும்தான். மன அழுத்தமோ பழைய காயமோ கூடவே இருந்தால் எல்பிசி அல்லது எல்சிஎஸ்டபிள்யூ வேண்டும். இரண்டும் கையில் உள்ளவர்களும் இருக்கிறார்கள், தேடுங்கள். தினமும் குடிக்கிறவர் என்றால் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆபீஸ் பயம் பற்றி: போதை சிகிச்சைப் பதிவுகளுக்கு 42 சிஎஃப்ஆர் பகுதி 2 என்று தனிக் கூட்டாட்சி விதியே இருக்கிறது. அதன் கீழ் வரும் சிகிச்சை மையம், அவர் எழுத்தில் சம்மதிக்காமல் முதலாளியிடம் வாய் திறக்கக் கூடாது. நீங்கள் போன் செய்து கேட்டால் உங்களிடமே சொல்ல மாட்டார்கள். கோபப்படாதீர்கள், அவரைக் காப்பாற்றும் அதே விதிதான் அது. அந்த மையம் இதன் கீழ் வருகிறதா என்று சேரும்போதே கேளுங்கள்.

கலிபோர்னியாவில் போதை மறுவாழ்வு கவுன்சலர் லைசென்ஸ் எந்த போர்டில்?

எந்த போர்டிலும் இல்லை. அங்கே அது சர்டிஃபிகேட்தான், லைசென்ஸ் அல்ல. மாநிலச் சுகாதாரத் துறை ஏற்ற சிசிஏபிபி, சிஏடிடிபி போன்ற தனியார் அமைப்புகள் தருகின்றன. பதிவு செய்த ஐந்து வருடத்துக்குள் சர்டிஃபிகேட் வாங்கிவிட வேண்டும்.

எட்டு வருடத்துக்கு முன் ஒரு டியூஐ (குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு). விண்ணப்பத்தில் சொல்லாமல் விடலாமா?

விடாதீர்கள். கைரேகை வைத்தவுடன் அது வெளியே வரும். ஒரு பழைய டியூஐ-க்காக மட்டும் கதவு மூடுவது அரிது. மறைத்தால் பொய் சொன்னவராகிவிடுவீர்கள், அந்தக் கறை போகாது. டெக்சஸில் படிப்பில் சேரும் முன்பே, “என் வழக்கு தடையாகுமா?” என்று கட்டணம் கட்டிக் கேட்டு மதிப்பீட்டுக் கடிதம் வாங்கலாம். இரண்டு வருடப் படிப்புச் செலவுக்கு முன் அந்தக் கடிதம் கையில் இருக்கட்டும்.

எல்பிசி-க்கு அப்புறம் எஸ்ஏபி (போதைச் சோதனையில் சிக்கிய லாரி ஓட்டுநர்களை மதிப்பிடுகிறவர்) ஆக வேண்டும். தானாகவே தகுதி உண்டா?

இல்லை. இது மாநில விஷயமே இல்லை, கூட்டாட்சிப் போக்குவரத்துத் துறையின் 49 சிஎஃப்ஆர் பகுதி 40 என்ற விதி. டாக்டர், சைக்காலஜிஸ்ட், சோஷியல் வொர்க்கர், எல்எம்எஃப்டி போன்றவர்கள் அந்தப் பட்டியலில் நேராக வருகிறார்கள்; எல்பிசி வருவதில்லை. தேசிய அமைப்பொன்றின் போதை கவுன்சலர் சர்டிஃபிகேட் முதலில் வேண்டும். அதன்பின் எஸ்ஏபி பயிற்சி, தேர்வு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை 12 மணிநேரம் தொடர்கல்வி. ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொண்டு போங்கள்: எஸ்ஏபி ஓட்டுநருக்காகவும் பேசுவதில்லை, கம்பெனிக்காகவும் பேசுவதில்லை. அவர் காப்பது ரோட்டில் எதிரே வருகிறவரை.

கம்பாக்ட் வந்துவிட்டதாமே, இனி எந்த மாநிலத்திலும் பார்க்கலாமா?

கவுன்சலிங் கம்பாக்ட் என்பது ஒரு மாநில லைசென்ஸை வைத்து இன்னொரு மாநிலத்தில் அனுமதி வாங்க வழிசெய்யும் மாநிலங்களின் ஒப்பந்தம். அதற்கு முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் சட்டம் இயற்றிவிட்டன. சட்டம் வந்த மாநிலம் எல்லாம் அனுமதி கொடுக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. உங்கள் சொந்த மாநிலமும் ஆள் இருக்கும் மாநிலமும் இரண்டுமே உள்ளே இருக்க வேண்டும். கலிபோர்னியா இல்லை. அசோசியேட்டுகளுக்கும் இல்லை, முழு லைசென்ஸ் உள்ளவர்களுக்கு மட்டும். அனுமதி கைக்கு வந்த பிறகே முதல் அமர்வு.

தமிழ்ச் சங்கத் தோழியின் மகளை நானே பார்க்கலாமா? வேறு யாரிடமும் போக மாட்டேன் என்கிறாள்.

கூடாது. சனிக்கிழமை பொங்கல் விழாவில் அவள் அம்மா உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, “என்ன சொன்னாள்?” என்று கேட்பார். நல்ல ஆள் ஒருவரிடம் அனுப்பிவிட்டு, வெறும் அத்தையாக இருங்கள்.

மாமியாருக்கு மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு). தமிழ் தெரிந்த எல்பிசி ஒருவர் கிடைத்திருக்கிறார், மெடிகேர் கொடுக்குமா?

கொடுக்கும். 2024 ஜனவரி 1 முதல் எல்பிசி போன்ற மனநல கவுன்சலர்களும் எல்எம்எஃப்டிகளும் மெடிகேரில் பில் போடலாம். அவர் மெடிகேரில் பதிவு செய்திருக்கிறாரா என்று மட்டும் முதலில் கேளுங்கள். அசோசியேட் என்றால் மெடிகேரில் தன் பெயரில் பில் போட முடியாது. பதிலை மெயிலில் வாங்குங்கள்.