பக்கவாதத்தால் ஆஸ்பத்திரிகள் ஏன் நிரம்பிக் கிடக்கின்றன? வராமல் தடுக்க முடியாதா?

பெரும்பாலும் தடுக்கலாம். என் சித்தப்பாவுக்கும் தடுத்திருக்கலாம், அதனால்தான் இந்தக் கேள்விக்கு எழுதுகிறேன்.

எங்களுக்கு முக்கூடல் பக்கம். ஒருநாள் காலை ஆறு மணிக்குத் திண்ணையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த சித்தப்பாவின் வலது கையிலிருந்து டம்ளர் நழுவியது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வாய் கோணி, பேச்சு குழறியது. "வாயு புடிச்சிருக்கு, எண்ணெ போட்டுத் தேச்சா சரியாயிரும்" என்று பக்கத்து ஊர் வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். தெம்புக்கென்று வாயில் காப்பி வேறு ஊற்றினார்கள். பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது மறுநாள் மத்தியானம்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் முதலில் கேட்டது, "எத்தன மணிக்கு ஆரம்பிச்சுது?" மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் உள்ள அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டுமாம். எங்கள் ஊரிலிருந்து அங்கே வர ஒரு மணி நேரம் போதும்.

23 நாள் வார்டில் கூட இருந்தேன். இந்த நோயில் வந்து படுத்தவரின் கட்டில் லேசில் காலியாவதில்லை. மூக்கில் டியூப் வைத்துக் கஞ்சி, மூத்திரத்துக்கு இன்னொரு டியூப், படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். விழுங்க முடியாதவர் வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகலாம். சித்தப்பாவுக்கு நிமோனியாவும் வந்தது. அந்தக் காப்பியை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

ஒருநாள் வேட்டி எடுக்க வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து கொடுத்த பிரஷர் மாத்திரைகள், அட்டை அட்டையாக, ஒன்றுகூடப் பிரிக்காமல் இருந்தன. "எனக்கு என்னல செய்யுது? நல்லாத்தான இருக்கேன்" என்பார். பிரஷர் அப்படித்தான், உள்ளே ரத்தக்குழாயை அரித்துக்கொண்டே இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. 32 நாடுகளில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, பத்தில் ஒன்பது பக்கவாதத்துக்கு நம்மால் மாற்றக்கூடிய பத்துக் காரணங்களைச் சொன்னது. பிரஷர்தான் அதில் முதல். சர்க்கரை, புகை, குடி, கொழுப்பு, உடம்பு அசையாமல் இருப்பது எல்லாம் பிறகு. சித்தப்பாவுக்குப் பீடியும் உண்டு. கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் சோறு இறங்காது. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள் நிற்கவேண்டும், அதாவது ஒரு டீஸ்பூன்.

30 வயது தாண்டியவர்கள் தயவுசெய்து பிரஷர் பாருங்கள். 140/90 தொட்டால் டாக்டரிடம் போங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வாய் கோணினாலோ, ஒரு பக்கம் கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ மணியைக் குறித்துக்கொண்டு உடனே 108. வாயில் தண்ணீர்கூட வேண்டாம்.

சித்தப்பா இப்போது இடது கையால் சாப்பிடுகிறார். பேச்சு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. ராத்திரி சித்தி மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைக்கும்வரை வாசல் லைட்டை அணைக்க விடமாட்டார்.